படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு

1917-ஆம் ஆண்டு. அன்றைய ஜெர்மனியின் சிலேசியப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் 18 வயது இளைஞர் ஒருவர் உதவிப் பணியாளராக இருந்தார். ஒருநாள் முதுகெலும்பு முறிந்த நிலையில் ஒரு தொழிலாளி அங்கே கொண்டுவரப்பட்டார். இளைஞர் வழக்கம்போல் நோயாளியின் நிலையைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். மூத்தவர்கள் அவரைத் தடுத்தனர். சில வாரங்களில் இறந்துவிடப் போகிறவருக்குக் குறிப்பு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் சொன்னபடியே நடந்தது. உறுதியான உடல் படைத்திருந்த அந்த மனிதர், படுக்கைப்புண்ணாலும் கிருமித்தொற்றாலும் நலிந்து சில வாரங்களில் மறைந்தார்.

அந்த இளைஞரின் பெயர் லுட்விக் குட்மன். பின்னாளில் அவர் நரம்பியல் மருத்துவரானார். யூதராகப் பிறந்த காரணத்தால் 1939-இல் தாய்நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் தண்டுவடம் சேதமுற்ற வீரர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குறிப்பெழுத வேண்டாம் என்று தடுக்கப்பட்ட அந்தத் தொழிலாளியின் நினைவு அவரை விட்டு என்றும் நீங்கவில்லை.

இத்தகைய காயத்தைச் சிகிச்சைக்கு அப்பாற்பட்டது என்று கருதும் வழக்கம் மிகப் பழமையானது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட அறுவை மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்தெலும்பு விலகிக் கைகால்கள் உணர்விழந்தவரின் நிலையைத் துல்லியமாக விவரித்துவிட்டு, இதற்குச் சிகிச்சை செய்ய வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வருகிறது. முதல் உலகப்போர் வரையிலும் மருத்துவ உலகின் நிலை ஏறக்குறைய அதுதான். காயம் நேரடியாகக் கொன்றவர்களைவிட, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணத்தால் கைவிடப்பட்டு இறந்தவர்களே அதிகம்.

குட்மன் செய்தவை பார்வைக்கு மிக எளியவை. நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல், புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். அது ஒழுங்காக நடக்கிறதா என்று நள்ளிரவில் தாமே வந்து பார்ப்பார். சிறுநீர்ப்பையில் தொற்று ஏறாமல் காப்பதில் கண்டிப்பாக இருந்தார். உடல் சற்றுத் தேறியதும் தச்சுவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல், தட்டச்சு என்று ஏதேனும் ஒரு வேலையில் அவர்களை ஈடுபடுத்தினார். சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்தவர்கள், காலைவேளையில் போக வேண்டிய இடம் உள்ளவர்களாயினர். அந்தக் காலத்தில் கிடைக்கத் தொடங்கிய கிருமிக்கொல்லி மருந்துகளும் துணைசெய்தன என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் மருந்து மட்டும் போதியிருந்தால் தட்டச்சு இயந்திரம் தேவைப்பட்டிருக்காது.

1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய நாள். அன்றே தமது மருத்துவமனைப் புல்வெளியில் அவர் ஒரு வில்வித்தைப் போட்டியை நடத்தினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அதில் கலந்துகொண்டவர்கள் 16 பேர். இன்று பாராலிம்பிக் என்று உலகம் அறிந்திருப்பதன் வித்து அதுதான். 1972-இல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த அத்தகைய போட்டியில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கர், 1965 போரில் குண்டடிபட்ட இந்திய ராணுவ வீரர்.

தண்டுவடமும் அதன் காயமும்

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளின் நடுவிலுள்ள குழாய் போன்ற வழியில், சுண்டுவிரல் பருமனுள்ள மென்மையான நரம்புத்தண்டு இறங்கி வருகிறது. அதன் நீளம் சுமார் 45 செ.மீ. அதிலிருந்து 31 இணை நரம்புகள் இருபுறமும் கிளைக்கின்றன. மூளையின் கட்டளைகள் கீழிறங்குவதும், உடலின் உணர்வுகள் மேலேறுவதும் இவ்வழியேதான். முறிந்த எலும்பு கூடிவிடும். நசுங்கிய தண்டுவடம் அவ்வாறு கூடுவதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாத குடும்பத்தினர், எலும்பில் கம்பியும் திருகும் பொருத்தி அறுவை சிகிச்சை முடிந்ததும் நோயாளி எழுந்து நடப்பார் என்று காத்திருக்கின்றனர். எலும்பை நிலைநிறுத்துவதும், அழுத்தம் இருந்தால் அதை நீக்குவதும் அந்தச் சிகிச்சையின் நோக்கம். நரம்பு எவ்வளவு மீளும் என்பது வேறு கேள்வி.

காயம் எந்த உயரத்தில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே இழப்பின் அளவு அமைகிறது. முதுகின் நடுப்பகுதியிலோ இடுப்பருகிலோ நேர்ந்தால் கால்கள் செயலிழக்கும், கைகள் தப்பும். கழுத்தில் நேர்ந்தால் கைகளும் பாதிக்கப்படும். கழுத்தின் மேற்பகுதியானால் மூச்சுக்கே துணை தேவைப்படும், ஏனெனில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் மூன்று முதல் ஐந்தாம் நிலைகளிலிருந்து வருகிறது. உயரத்தைப் போலவே முக்கியமானது, காயம் முழுமையானதா பகுதியளவினதா என்பது. ஆசனவாய்ப் பகுதியில் சிறிதேனும் உணர்வு எஞ்சியிருந்தால் அது பகுதிக் காயமாகக் கொள்ளப்படுகிறது, மீட்சிக்கு வாய்ப்பும் கூடுகிறது. இயக்கம் திரும்புவதாயின் அதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தெரியவரும். ஆகவே அந்த மாதங்களை நாட்டு வைத்தியம், நேர்த்திக்கடன், ஊர்ப்பயணம் என்று கழித்துவிடுவது ஈடுசெய்ய இயலாத இழப்பு.

உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. நம் நாட்டில் இதற்கு முதன்மைக் காரணங்கள் சாலை விபத்தும் உயரத்திலிருந்து விழுதலும். மரமேறுகிறவர், கட்டடத் தொழிலாளி, கைப்பிடிச் சுவரில்லாத மொட்டைமாடியில் உறங்கச் சென்றவர் என்று பாதிக்கப்படுகிறவர்களில் பலர் உடலுழைப்பால் குடும்பத்தைத் தாங்கியவர்கள். விழுந்தவரைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து எடுத்துச்செல்லும் பழக்கம் இன்னும் பலவிடங்களில் உள்ளது. பகுதிக் காயம் அந்தப் பயணத்தில் முழுக் காயமாகிவிடக்கூடும். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நால்வர் சேர்ந்து ஒரே சமயத்தில் உருட்டி, பலகை போன்ற உறுதியான தளத்தில் கிடத்திக் கொண்டுசெல்ல வேண்டும். பலகை கிடைக்காவிட்டால் ஒரு கதவைக் கழற்றிக்கொள்ளலாம்.

உடலுக்கு ஒரு நியமம்

பல வாரங்கள் படுத்திருந்தவரை முதன்முறை நிமிர்த்தி உட்காரவைத்தால் தலை சுற்றும், கண் இருளும். ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருப்பதே காரணம். எனவே சாய்வுப் படுக்கையில் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கோணத்தை உயர்த்துவார்கள். உட்காரப் பழகுவதற்கே சிலருக்கு வாரக்கணக்காகும். அதன்பின் சமநிலை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், தானே உடையணிதல் என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு வயதில் தாயின் மடியில் கற்றதை முப்பதாம் வயதில் அந்நியர் முன்னிலையில் மீண்டும் கற்பது எளிதன்று. பயிற்சியின் கடினத்தைவிட அதிலுள்ள கூச்சமே பலரைத் தளர்த்துகிறது.

உணர்வில்லாத தோல் தன் துன்பத்தை அறிவிப்பதில்லை. நலமான மனிதர் உறக்கத்திலும் தம்மையறியாமல் புரண்டுகொள்கிறார். தண்டுவடம் காயமுற்றவர் அதை அறிந்து செய்ய வேண்டும். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாறுதல், நாற்காலியில் கால் மணி அல்லது அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்துதல் அல்லது ஒருபுறம் சாய்தல், தினமும் மாலையில் கண்ணாடியின் உதவியுடன் பின்புறத்தையும் குதிகாலையும் பார்வையிடுதல் ஆகிய மூன்றும் உயிர்காக்கும் பழக்கங்கள். சூடான காபி டபராவை மடியில் வைத்துக்கொண்டு, வெந்துபோனதை மறுநாள்தான் கண்டறிந்தவர்கள் உண்டு. சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாத ஓரிடத்தை அன்றே கவனித்து அதன்மீது பாரம் விழாமல் காத்தால் சில நாட்களில் ஆறிவிடும். கவனிக்காவிட்டால் எலும்புவரை செல்லும் புண்ணாகி மாதக்கணக்கில் படுக்கையில் வீழ்த்தும்.

சிறுநீரை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான குழாயைத் தாமே செலுத்தி வெளியேற்றக் கற்பது சிறுநீரகங்களைக் காக்கிறது. நிரந்தரமாகக் குழாய் பொருத்திக்கொள்வதைவிட, கையால் இதைச் செய்யக்கூடியவர்களுக்கு அதுவே மேலானது. மலங்கழித்தலுக்கும் ஒரே நேரத்தைக் கடைப்பிடித்தால் குடல் அதற்குப் பழகிக்கொள்ளும். மற்றோர் ஆபத்தையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேல் காயமுற்றவருக்குச் சில வேளைகளில் திடீரென்று கடுமையான தலைவலியும், முகத்தில் வியர்வையும், மிகுந்த ரத்த அழுத்தமும் தோன்றும். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பையோ மடங்கிய குழாயோ காரணமாக இருக்கும். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுகிய ஆடையைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்த்து, தணியாவிட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் படிப்பவருக்கு ஒரு மடத்தின் நாளொழுங்கு நினைவுக்கு வரலாம். மணியடித்தால் எழுவது, மணியடித்தால் உண்பது என்ற வாழ்க்கை, வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சிறையாகத் தோன்றும். நியமத்தை விரும்பி ஏற்பவருக்கு அது மனத்தை வேறு வேலைக்கு விடுவித்துக் கொடுக்கிறது. ஆனால் ஒப்புமையை இதற்குமேல் நீட்டக்கூடாது. துறவி தம் நியமத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர். காயமுற்றவர்மீது அது வந்து விழுந்திருக்கிறது.

வேலூர் மருத்துவர் ஒருவர்

மேரி வர்கீஸ் 1925-இல் கேரளத்தில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954-இல் சக மருத்துவர்களுடன் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாகியது. முகத்தில் ஆழமான காயம், இடுப்புக்குக் கீழே இரு கால்களும் செயலற்றுப்போயின. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. இந்தியாவில் அன்று இத்தகையோருக்கென்று முறையான மறுவாழ்வு மையம் ஏதும் கிடையாது. மருத்துவமனையில் உயிர் காப்பார்கள், பிறகு வீட்டின் ஓர் அறை.

அதே மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீர்செய்யும் முறையை உருவாக்கி வந்தார். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். கால்கள் தேவையில்லை. மேரி வர்கீஸ் அதைச் செய்ய முடியும் என்று பிராண்ட் கருதினார். பெண்ணோய் மருத்துவராக விரும்பியிருந்த ஒருவருக்கு இது முற்றிலும் புதிய துறை. நெடுநேரம் அமர்ந்திருக்கும் உடலின் வேதனை வேறு. ஆயினும் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தியை எடுத்தார். தொழுநோயாளிகளின் கைகள் பலவற்றை அவர் திருத்தியமைத்தார்.

அந்த அறுவை சிகிச்சையின் தன்மை கவனிக்கத்தக்கது. தொழுநோயில் நரம்பு செத்துவிடுவதால் விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துகொள்ளும். செத்த நரம்பை உயிர்ப்பிக்க வழியில்லை. மருத்துவர் அதற்கு முயல்வதுமில்லை. முன்கையில் நன்றாக இயங்கும் தசை ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் தசைநாணை விரல்களுக்குக் கொண்டுசென்று பொருத்தி, இழந்த தசையின் வேலையை அதற்குக் கொடுக்கிறார். சில வாரங்கள் மாவுக்கட்டு. அதன்பின் நோயாளி ஒரு விசித்திரமான பாடத்தைக் கற்க வேண்டும். முன்பு மணிக்கட்டை அசைக்க எந்த எண்ணத்தை எழுப்பினாரோ, அதே எண்ணத்தால் இப்போது விரலை இயக்கப் பழக வேண்டும். முதலில் விரல் அசையாது. ஒருநாள் அசையும். எஞ்சியிருப்பதைக் கொண்டு இழந்ததன் பணியைச் செய்விக்கும் இந்தக் கலையை, அதற்கு மிகவும் தேவைப்பட்ட ஒருவரே நாள்தோறும் பிறருக்குச் செய்துகொண்டிருந்தார். தம் கைகள் இனி உதவாது என்று நம்பி வந்த நோயாளிகள், கால்கள் இயங்காத மருத்துவர் தம்மை நோக்கி உருண்டு வருவதைக் கண்டபோது அவர்களுக்கு வேறு உபதேசம் தேவைப்படவில்லை.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே நோயாளியாகத் தங்கி, உடலைத் தாங்கும் உபகரணங்களுடன் தன்னிச்சையாக இயங்கும் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் அத்துறையை முறைப்படி பயின்றார். 1960-களின் தொடக்கத்தில் வேலூர் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. இன்று அது அவர் பெயரையே தாங்கியுள்ளது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார். விபத்துக்குப் பின் வாழ்ந்த 32 ஆண்டுகளில்தான் அவர் வாழ்வின் பணி முழுவதும் அடங்கியிருக்கிறது.

மனத்தின் காயம்

இத்தகைய வரலாறுகளைக் கூறுவதில் ஓர் ஆபத்து உண்டு. புதிதாகக் காயமுற்றுப் படுத்திருப்பவரிடம் இவற்றைச் சொன்னால், சாதனையாளராக முடியாத தம் இயலாமையும் அவருடைய துயரத்தோடு சேர்ந்துகொள்ளும். மேரி வர்கீஸும் நீண்ட மாதங்கள் இருளில் இருந்தவரே. துக்கத்துக்கு உரிய காலத்தை எவராலும் சுருக்கிவிட முடியாது. சிலர் சினத்தைக் குடும்பத்தின்மீது கொட்டுவார்கள். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் வியப்பளிக்கும்வண்ணம் உற்சாகமாகத் தோன்றுவார்கள். இந்த மூன்றாமவரையே மருத்துவர்கள் அதிகம் கவனிக்கிறார்கள். முதல் சில ஆண்டுகளில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம் தோன்றுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு சிகிச்சைக்குரிய நோய். அதை மனவலிமையின் குறைவு என்று எண்ணி மறைப்பது, சிறுநீர்த் தொற்றை மறைப்பதற்கு ஒப்பானது. இல்லற வாழ்வைப் பற்றிய கேள்விகளும் இருக்கும். குழந்தைப்பேறு உட்பட அவற்றில் பலவற்றுக்கு இன்று மருத்துவத்தில் வழியுண்டு. கூச்சமின்றிக் கேட்கலாம்.

நல்ல எண்ணத்துடன் பார்க்க வருகிறவர்கள் இரண்டு வார்த்தைகளைக் கொண்டுவருகிறார்கள். ஒன்று, 'எல்லாம் முன்வினை.' மற்றொன்று, 'நீங்கள் இந்த உடல் அல்ல.' இரண்டும் சாஸ்திரத்தில் உள்ளவைதாம். ஆயினும் வினைக்கோட்பாடு ஒருவன் தன் வாழ்வைத் தானே நோக்கிப் பொறுப்பேற்பதற்காகச் சொல்லப்பட்டது. நோயுற்றவன்மீது தீர்ப்பெழுத அது எவருக்கும் அதிகாரம் வழங்கவில்லை. பிராரப்தம் என்ற சொல் வந்துவிட்டதைக் குறிக்கிறது. அதைக்கொண்டு இனி என்ன செய்வது என்பது பிராரப்தத்துக்குள் அடங்கியதாகக் கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது வார்த்தை இன்னும் நுட்பமானது. வேதாந்தத்தில் உபதேசத்துக்கு முன் அதிகாரி யார் என்ற விசாரணை உண்டு. கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பாராமல் சொல்லப்படும் உயர்ந்த உண்மை, உண்மையாகவே எஞ்சுவதில்லை. கால்மணிக்கு ஒருமுறை தம் உடலை நினைக்காவிட்டால் புண்ணாகிவிடும் நிலையில் இருப்பவரிடம், உடலை மறந்துவிடு என்ற பொருள்பட எதைச் சொன்னாலும் அது தீங்கே. அஷ்டாவக்கிரர் கதையை நினைவூட்டுகிறவர்களும் உண்டு. எட்டுக் கோணலான உடலைக் கண்டு சிரித்த சபையினரை, தோலை மட்டும் காண்கிறவர்கள் என்று அவர் வெட்கப்படச் செய்தார். ஆனால் அந்த முனிவர் அவ்வுடலுடனேயே பிறந்தவர். நேற்றுவரை ஓடியாடியவர் இன்று ஓர் உடலை இழந்து வேறோர் உடலைப் பெற்றிருக்கிறார். அந்தப் புதிய உடலோடு அவர் முதலில் அறிமுகமாக வேண்டும். அதைக் கடப்பது பற்றிய பேச்சு பின்னால் வரட்டும். காலப்போக்கில், 'நான் குறையவில்லை, என் நடை மட்டுமே குறைந்தது' என்பதை அவர்களில் பலர் தாமே கண்டுகொள்கிறார்கள். யாரும் போதிக்காமல் வரும் அந்தத் தெளிவுக்கு இருக்கும் உறுதி, கேட்டுப் பெற்ற தத்துவத்துக்கு இருப்பதில்லை.

உளவியலாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. 1978-இல் அமெரிக்காவில் வெளியான அது, லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், எந்த மாற்றமும் நேராத 22 பேரையும் ஒப்பிட்டது. வென்றவரும் வீழ்ந்தவரும் ஒரே அளவு மகிழ்ச்சியுடன் இருந்தனர் என்று இதைப் பலர் மிகைப்படுத்தி எழுதுகிறார்கள். அது பிழை. 0 முதல் 5 வரையான அளவில் சாதாரண மக்களின் மகிழ்ச்சி 3.82, காயமுற்றோரின் மகிழ்ச்சி 2.96. இழப்பு உண்மையானது, எண்ணிலும் தெரிகிறது. ஆயினும் 2.96 என்பது அளவின் நடுப்புள்ளிக்கு மேலே உள்ளது. எதிர்காலத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்ற கேள்விக்குக் காயமுற்றோர் தந்த மதிப்பு மற்ற இரு பிரிவினரும் தந்ததற்குக் குறையவில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவர் கற்பனை செய்யும் துயரம் ஒன்று. அதற்குள் இருந்து வாழ்கிறவர் அறிவது மற்றொன்று.

நம்பிக்கையின் விலை

'எப்போது நடப்பேன்?' என்பதே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. பதில் சொல்லத் தயங்கும் மருத்துவர், 'பார்க்கலாம்' என்று நகர்ந்துவிடுகிறார். அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்டு குடும்பம் ஊர் ஊராக அலைகிறது. ஸ்டெம் செல் சிகிச்சையால் நடக்கவைப்பதாக விளம்பரம் செய்வோரிடம் நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர்கள் உண்டு. தண்டுவடக் காயத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு அதை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அளிக்கக்கூடாது. முறையான ஆய்வில் பங்கேற்பவரிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் அதுவே எச்சரிக்கை.

ஆராய்ச்சி நின்றுவிடவும் இல்லை. தண்டுவடத்தின்மேல் மின்முனைகளைப் பொருத்தி, கடும் பயிற்சியும் அளித்ததில் சிலர் அடியெடுத்து வைத்ததை 2018-இல் அமெரிக்க, சுவிஸ் ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன. அத்தகைய சிகிச்சை ஒருநாள் எல்லோருக்கும் கிட்டுமானால், அதனால் பயனடையக்கூடியவர்கள் மூட்டுகள் இறுகாமல், புண்ணின்றி, எலும்பு தேயாமல் உடலைக் காத்துவைத்திருப்பவர்களே. நடப்பேன் என்று நம்புகிறவரும், நடக்கப்போவதில்லை என்று ஏற்றுக்கொண்டவரும் காலையில் எழுந்து செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றுதான். இதை எடுத்துச்சொல்லும் மருத்துவரால் பொய் சொல்லாமலும் நம்பிக்கையை முறிக்காமலும் பேச முடிகிறது.

மேஜர் ஹரிபால் சிங் அலுவாலியா 1965 மே 29 அன்று எவரெஸ்ட் சிகரத்தில் நின்றவர். அதே ஆண்டில் மூண்ட போரில் குண்டு பாய்ந்து தண்டுவடம் சேதமுற்றது. ஒரே ஆண்டுக்குள் உலகின் உச்சியும் சக்கர நாற்காலியும். ஸ்டோக் மாண்டவில்லில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய அவர், அங்கே கண்டது போன்ற ஒன்று இந்தியாவில் இல்லையே என்ற ஏக்கத்தை விடவில்லை. 1990-களில் டெல்லி வசந்த் குஞ்சில் இந்தியத் தண்டுவடக் காய மையம் அவர் முயற்சியால் உருவாயிற்று. 2022-இல் மறையும்வரை ஏறத்தாழ 56 ஆண்டுகள் அவர் நாற்காலியில் வாழ்ந்தார். தமிழகத்தில் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல், பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் சொந்த ஊரில் மாற்றுத்திறன் குழந்தைகள் சிலருக்காக அவர் தொடங்கிய அமைப்புக்கு, தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக அமர் சேவா சங்கம் என்று பெயரிட்டார்.

வீட்டிலுள்ளோர்

இவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால், இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்கவைத்த யாரோ ஒருவர் இருந்திருப்பார். நம் வீடுகளில் அது பெரும்பாலும் தாயோ மனைவியோ. தூக்கித் தூக்கி அவர்கள் முதுகு வலிக்கத் தொடங்கும்போது அதைச் சொல்வதற்குக்கூட இடமிருப்பதில்லை. தூக்காமல் சறுக்கி நகர்த்தும் பலகையின் பயன்பாடு, முழங்காலை மடித்துப் பாரம் தாங்கும் முறை ஆகியவற்றை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டுக் கற்க வேண்டும். வாரத்தில் ஒரு பகல் வேறொருவர் பொறுப்பேற்றால் பராமரிப்பவரின் ஆயுள் நீளும். பார்க்க வரும் அன்பர்கள் பழமும் விபூதியும் கொண்டுவருவதோடு, அந்த ஒரு பகலையும் கொண்டுவரலாம். வந்தவர் நின்றபடி குனிந்து பேசாமல், நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக் கண்ணுக்கு நேராக அமர்ந்து பேசினால் உரையாடலின் தன்மையே மாறிவிடும்.

இறுதியாக, சத்சங்க மண்டபங்களைப் பற்றி. நம் மண்டபங்களில் பல உயரமான பீடத்தின்மேல் அழகாக எழுப்பப்பட்டவை. முன்னால் மூன்று படிகள் இருந்தால் உயரம் சுமார் ஒன்றரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குரிய விதி. ஆகவே பதினெட்டு அடி நீளமும், பக்கத்தில் கைப்பிடியும் வேண்டும். கதவின் அகலம் 90 செ.மீ.க்குக் குறையக்கூடாது. கழிவறையின் கதவுக்கும் இதே அளவு பொருந்தும். பல இடங்களில் மண்டபக் கதவை அளக்கிறவர்கள், கழிவறைக் கதவை அளக்க மறந்துவிடுகிறார்கள்.